நேரான மணிக்கட்டு

"மணிக்கட்டை மடக்காதீங்க சார். முழங்கையிலேர்ந்து விரல் முட்டிவரைக்கும் ஒரே கோடா இருக்கணும்."

மருந்துக் கடைக்காரர் தலையாட்டிவிட்டு, என் குத்துச்சண்டைக் கூடத்தில் தொங்கிய குத்துப்பையை மறுபடி குத்தினார்.

"வெறும் கையால தள்ளாதீங்க. இடுப்பைத் திருப்புங்க, பலம் தானா வரும்."

மூன்றே வாரத்தில் அவர் குத்தக் குத்தப் பையின் சங்கிலி யாரோ முனகுவதுபோல் சத்தம் போட்டது. கையுறை மட்டும் வேண்டாம் என்றார்.

"போட்டிக்குப் போறீங்களா சார்?"

"இந்த வயசுலயா? நல்லா கேட்டீங்க மாஸ்டர்!"

"தினமும் வீட்லயும் பழகுறீங்க போல. பை வாங்கி மாட்டிட்டீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே மறுபடி குத்தினார்.

நேற்று மதியம் அவருடைய மனைவி, விலாவைப் பிடித்தபடி மெதுவாகப் படியேறி வந்தார்.

"அவருக்கு நீங்கதான் சொல்லித் தர்றீங்களா?"

"ஆமாம்மா. இவ்வளவு அக்கறையாக் கத்துக்கிட்டவங்க யாருமில்ல," என்றேன் பெருமையாக.

அந்த அம்மா குத்துப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னெல்லாம் என்னை ஒரு குத்து விட்டாலே அவர் கை வீங்கிடும் மாஸ்டர். அப்புறம் ஒரு வாரம் எனக்கு நிம்மதி. இப்ப வீங்கறதே இல்ல."