பதினாலாம் நம்பர் கன்னம்

"பதினாலாம் நம்பர் பொய் சொல்லியிருக்கு. நல்லா புகை ஊதற ஆளு," என்றார் டாக்டரம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே.

கொள்கைக்காரருக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது. பதினாலாம் நம்பர் அவர்தான்.

கொள்கைக்காரர் என்ற பட்டம் அவருடைய கொள்கைப் பிடிப்பைப் பார்த்து யாரும் கொடுத்ததில்லை. வட்டார வளர்ச்சிக் கொள்கை சொல்லித்தருகிற பேராசிரியர், அவ்வளவுதான். கல்குவாரிப் புழுதி பக்கத்தில் குடியிருப்பவர்களை என்ன செய்கிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. உடல்நலத்துக்கு டாக்டரம்மா, உடம்புச் செல்களைச் சோதிக்க இவருடைய மனைவி, சட்டதிட்டத்துக்கு இவர்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. குவாரி ஓரத்து ஜனங்களின் கன்னத்து உட்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்துச் செல்களை எடுக்க வேண்டும். அவற்றைப் புழுதியும் புகையும் படாத டவுன்காரர்களின் செல்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால், குவாரியை வீடுகளை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லும் அறிக்கை நாளைக்கு வட்டார சபைக்குப் போகும்.

டவுன்காரர்களில் ஓர் ஆள் குறைந்தபோது மனைவிதான் இவரை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "புகைப்பழக்கம் உண்டா?" என்று எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

கல்யாணமான புதிதில் அவள் தலையில் கை வைத்து, விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தவர் வேறு என்ன சொல்வார்? "சேச்சே," என்றார்.

யாருடைய பேரையும் எழுதக் கூடாது, நம்பர் மட்டும்தான் என்பது ஆராய்ச்சி விதி. அவர் கன்னத்தைத் தேய்த்த பிரஷ்ஷைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பதினாலு என்று ஒட்டினாள். விட்டால் போதும் என்று அவர் வாசலைத் தாண்டும்போது உள்ளே சிலீரென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்க கிளம்புங்க, கிளாசுக்கு நேரமாச்சு."

உண்மையில் அவர் விட்டது சிகரெட்டை அல்ல, வீட்டுக்குள் பிடிப்பதை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தினமும் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. இறங்கி வந்ததும் மனைவியின் கைப்பையிலிருந்தே ஒரு பெப்பர்மின்ட்டைச் சுட்டு வாயில் போட்டுக்கொள்வார். எப்போது கையை விட்டாலும் ஒரு பொட்டலம் இருக்கும். மகராசி, தெரியாமலே புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

"எப்படி டாக்டர் தெரிஞ்சது?" என்று இப்போது பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ செல்லைத்தானே பார்க்கறே. எனக்கு என்னமோ தோணுச்சு, குழாயில இருந்த எச்சிலையும் சோதிச்சேன். பதினாலுல மட்டும் புகையிலை."

"மெஷின் தப்பா காட்டியிருக்கும் டாக்டர். பதினாலு அப்படிப்பட்ட ஆள் இல்ல."

கொள்கைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கட்டியவன் மேல் இவளுக்கு எவ்வளவு நம்பிக்கை. டாக்டரம்மாவிடமே வாதாடுகிறாளே.

டாக்டரம்மா மசியவில்லை. "ஆள் பொய் சொல்லிச்சா, இல்ல நம்ம லேப்ல குழாய்தான் மாறிப்போச்சான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பொய்யின்னா அந்த ஒண்ணைக் கழிச்சுட்டு, நடந்ததை அறிக்கையில எழுதிடலாம். மாறிப்போச்சுன்னா எது எதுன்னு யாருக்குத் தெரியும்? மொத்தமும் குப்பைக்குத்தான். சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்."

சொல்லிவிட்டு அவர் வார்டுக்குப் போய்விட்டார்.

கொள்கைக்காரர் ஜன்னலோரம் போய் நின்றார். குவாரி ஓரத்தில் பார்த்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். ஒரு கையால் தட்டை மூடிக்கொண்டே மறு கையால் சாப்பிட்டவள். புழுதிக்குப் பயந்து அப்படியே பழகிவிட்டதாம். தன் ஒரு சிகரெட்டுக்காக அவள் இன்னும் எத்தனை வருஷம் தட்டை மூடிச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மனைவியைக் குளிர்பெட்டி அறை வாசலுக்குக் கூப்பிட்டார். "ஒரு விஷயம் சொல்லணும். நான் இன்னும் விடலை."

"எதை?"

"சிகரெட்டை. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, தினமும். உன் தலையில கை வச்சு சொன்னது பொய். அந்தப் பதினாலு நான்தான்னு டாக்டரம்மாகிட்ட போய் ஒத்துக்கறேன். நீ என்னை எவ்வளவு வேணா திட்டு. பேசாம மட்டும் இருந்துடாதே."

அவள் முகத்தை அவரால் படிக்க முடியவில்லை. கண் கலங்கியது மாதிரியும் இருந்தது, சிரிப்பை அடக்குவது மாதிரியும் இருந்தது. அறை விழப்போகிறது என்று அவர் கன்னத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார்.

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க போக வேணாம். நான்தான் போகணும்."

"நீ எதுக்கு?"

"அன்னிக்கு உடைஞ்சது உங்க குழாய்தாங்க. பதினாலுல இருக்கறது என் கன்னம்."