துண்டுக்கடியில் ஒரு மார்க்

புருஷனுக்கு ஞாபகமறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டுக்கு வரும் உதவிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று, படிவத்தோடு கருத்துக் கேட்க வந்த ரெஜினா கேட்டதும், பாவாத்தாள் யோசிக்காமல் பத்து என்றாள்.

"மாசம் ஒருக்கா வர்ற நர்சம்மா அஞ்சு நிமிசங்கூட இருக்கறதில்லீங்க. கொறச்சுச் சொல்லி அதையும் நிறுத்திப்போட்டா?"

"கொறை சொன்னாத்தாம்மா சரிபண்ணுவாங்க" என்றபடியே ரெஜினா பத்து என்று எழுதினாள்.

கட்டிலில் இருந்த மாரப்பன் முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். இப்போது மனைவி பெயரே நினைவில் இல்லை. அவரைக் கேட்கப் படிவத்தில் இடமும் இல்லை. தோள்துண்டை எடுத்து ரெஜினாவின் வலக்கைமேல் போர்த்தினார். மாட்டுச் சந்தையில் விரல் கணக்கில் விலை பேசுவதுபோல அடியில் கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்தார்.

"ஐயா, இது..."

"சந்தைக்குப் புதுசா அம்மிணி? வெலைய வாயில சொல்லுவாங்களாக்கும்!"

பாவாத்தாள் குறுக்கிட்டாள். "அவரு சொல்றத எடுத்துக்காதீங்க. எத்தனை வெரலுங்க புடிச்சாரு?"

ரெஜினா பேனாவை இடக்கையில் எடுத்து, எழுதியிருந்த பத்தைக் கோணலாக அடித்தாள். வலக்கையை அவர் இன்னும் விடவில்லை.