முதல் ரவுண்டில் மதுரைவீரன்

"முதல் சான்ஸ் ஃபெமினாவுக்கு. சொல்லுங்க, யாரை எடுக்கறீங்க?"

"மதுரைவீரன்."

ஹரிஹரசுதன் கையிலிருந்த தயிர்சாதம் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

தில்லை நகரில் இருக்கும் அந்த பிசியோதெரபி கிளினிக்கில் ஊழியர்கள் ஆறு பேர். மாவட்ட கிரிக்கெட் லீக் தொடங்குகிறது என்றால் போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேன்டசி டீம் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். சீட்டு குலுக்கி, வரிசைப்படி ஆளுக்கொரு வீரராக எடுக்க வேண்டும். அந்த வீரர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் இவர்களுக்குப் புள்ளிகள். பந்தயப் பணமெல்லாம் கிடையாது. கடைசியாக வருபவருக்குச் சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமை டூட்டி, அவ்வளவுதான். அதற்கே அத்தனை சண்டை!

யாரும் சீண்டாத ஆளைத் தேடிப் பிடிப்பதில் ஃபெமினா கெட்டிக்காரி. போன வருடம் எட்டாவதாக இறங்கும் ஒருவரை எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் அடித்த அடியில் ஃபெமினாதான் சாம்பியன்.

அதற்காக மதுரைவீரனா? திருவெறும்பூர் டீமின் வேகப்பந்து வீச்சாளர். தோளில் ஆபரேஷன் ஆகி, இதே கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தவர். கடைசி ரவுண்டில்கூட யாரும் தொடமாட்டார்கள்.

'நெருப்பில்லாமல் புகையாது' என்று நினைத்தார் ஹரிஹரசுதன். வரவேற்பும் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பு. சாயங்காலம் வழக்கம்போல் டீம் லிஸ்டை லீக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் யார் எந்த பேஷண்ட் ஃபைலைத் திறந்தார்கள் என்று பார்த்தார்.

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து அரை மணி நேரம் முன்பே வந்து, தலைமை டாக்டர் சவரிராயனின் அறை வாசலில் நின்றார்.

"சார், பேஷண்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து டீம் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க? ஃபெமினா மதுரைவீரன் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் எடுத்திருக்காங்க. டீம் பிரிக்கறதுக்குப் பத்தே நிமிஷம் முன்னாடி!"

"அவங்கதானே அவருக்கு பிசியோ? பார்த்தா என்னங்க தப்பு?"

"அவர் ட்ரீட்மென்ட்டுக்கு வந்தே பதினோரு நாளாச்சு சார். வராத ஆளோட ரிப்போர்ட்டை எதுக்குத் திறக்கணும்? தோள் சரியாயிடுச்சுன்னு உள்ள எழுதியிருக்கும். வேற என்ன?"

"நீங்க படிச்சீங்களா?"

"ஐயோ, ரூல் சார்! நான் திறக்கவே இல்லை."

டாக்டரின் முகம் இறுகியது. ஃபெமினாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா, சுதன் சொல்றது நிஜமா?"

"நிஜம்தான் சார். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அவரை எடுத்தேன்."

"விளையாட்டுக்காகப் பேஷண்ட் ரிப்போர்ட்டைத் தொட்டா அன்னிக்கே வேலை போயிடும்னு சொல்லியிருக்கேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்." ஃபெமினா கம்ப்யூட்டரைக் காட்டினார். "நீங்களும் ஒரு தடவை அதைப் பார்த்துடுங்க."

டாக்டர் ஃபைலைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு சுதனைப் பார்த்தார்.

"இந்த சீசன்ல அவரால ஒரு பந்துகூடப் போட முடியாதுங்க."

சுதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஒரு பாயின்ட்கூட வராதே! ஞாயித்துக்கிழமை டூட்டி இவங்க தலையிலதான் விழும். தெரிஞ்சேவா முதல் ரவுண்டுல எடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான் எடுத்தேன்" என்றார் ஃபெமினா. "கடைசியா வந்தப்ப, 'இனிமே என்னை எவன் மேடம் டீமுல எடுப்பான், இந்த எக்சர்சைஸ் எல்லாம் யாருக்கு?'ன்னு கேட்டுட்டுப் போனார். ஆறு தடவை போன் பண்ணேன், எடுக்கலை. இன்னும் எத்தனை நாள் விடலாம்னு பார்க்கத்தான் ரிப்போர்ட்டைத் திறந்தேன். இன்னும் ஒரு வாரம் போனா தோள் இறுகிடும் சார். அப்புறம் அடுத்த சீசனும் இல்லை, எந்த சீசனும் இல்லை."

"அதுக்கு?"

"நம்ம லிஸ்ட் லீக் முழுக்கச் சுத்தும்ல சார்? முதல் ரவுண்டுல பேர் வந்தா எல்லா டீம்காரங்களும் அவரைக் கூப்பிட்டு, 'திரும்ப ஆட வர்றீங்களா?'ன்னு கேப்பாங்க. நான் சொன்னா நம்பமாட்டார். அவங்க கேட்டா நம்புவார்னு தோணுச்சு."

வரவேற்பில் போன் அடித்தது. தப்பித்தோம் என்று சுதன் ஓடினார்.

"சொல்லுங்க... எந்த மதுரைவீரன்?... ஆமாங்க, லிஸ்ட் நிஜம்தான்... இல்லைங்க, யாரும் கிண்டல் பண்ணலை. உங்களைத்தான் முதல்ல எடுத்தாங்க... நாளைக்கு வேணாம், இன்னிக்கே வாங்க. பதினோரு மணிக்கு ஃபெமினா மேடம் இருப்பாங்க."

சுதன் போனை வைத்தார். திரும்பி வந்தபோது அவருக்கு ஃபெமினாவை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுடுங்க மேடம்."

"பரவாயில்லைங்க. வரேன்னாரா?"

"வரார். குரலே மாறியிருக்கு." தலையைச் சொறிந்துகொண்டார். "ஒரு விஷயம் மேடம்... டீம்ல ஒருத்தரை மாத்திக்க இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

"மாத்தமாட்டேன்."

"உங்களைச் சொல்லலை மேடம். நான் மாத்தணும். பாதியில ட்ரீட்மென்ட்டை விட்டுட்டுப் போன பிளேயர் வேற யாராச்சும் இருக்காங்களா?"