அடுப்பு மேல் விசிறி

எங்கள் நார்வேப் பனியில் விறகுதான் உயிர். என் விறகு அடுக்கோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு தோர்ஸ்டைன் மேல்தான் சந்தேகம். போய்ப் பார்த்தேன். கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அடுப்பு மூட்டி நாலு நாளாச்சுய்யா. இந்த வருஷம் என் விறகு சீக்கிரமே தீர்ந்துபோச்சு. எப்படின்னே தெரியல."

"அப்போ அடுப்பு மேல அந்த விசிறி ஏன் சுத்துது?"

"அது... சும்மா, பழக்கதோஷம்."

அந்த விசிறிக்கு வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. அடுப்பு சுட்டால்தான் சுழலும்.

தோர்ஸ்டைன் தலைகுனிந்தான். "போலீசுக்குப் போறியா?"

"சேச்சே, அக்கம்பக்கத்துல அதெல்லாம் எதுக்குய்யா?" என்று பெருந்தன்மையாகத் திரும்பிவிட்டேன்.

போனால், அந்த விறகைப் போன அக்டோபரில் அவன் கொட்டகையிலிருந்து நான் தூக்கி வந்த கதையும் வெளியே வந்துவிடுமே!