மேனேஜரைப் பார்க்க வந்தவர்

என் பேரு முருகவேல், வயசு இருபத்தஞ்சு, திருவண்ணாமலை செங்கம் ரோட்டு கஃபேல இருந்து பேசுறேன். பேசப் பேச போனே எழுதிக்குது. அம்மா, அக்கா, மன்னிச்சுக்குங்க. நான் இங்க மேனேஜர் இல்ல. பாத்திரம் கழுவுறேன்.

எனக்கு நீங்க பார்த்து வச்சிருக்கிற பொண்ணு கவியாவோட அப்பா இன்னிக்கு சாயங்காலம் சொல்லாம கொள்ளாம வந்துட்டாரு.

“கீழ்பென்னாத்தூர் கோதண்டராமன். மேனேஜர் தம்பி நீங்கதானா?”ன்னு வாசல்லயே என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. பத்து ஏக்கர் வேர்க்கடலை போடுறவரு.

உள்ள வெளிநாட்டுக்காரங்களுக்குப் பழைய கருப்பு வெள்ளைப் படம் ஓடிட்டு இருந்துச்சு. வாசல் பேச்சைக் கேட்டுட்ட ஓனர் ரேவதி மேடம் என்னை ஓரமா இழுத்தாங்க. “அவர்கூட போய் உக்காரு. இன்னிக்கு நான்தான் சப்ளையர்.”

“மாட்டிக்குவோம் மேடம்.”

“நீ மேடம்னு கூப்பிட்டாதான் மாட்டுவோம்.”

உக்காந்தேன். கோதண்டராமன் படத்தையே பார்த்தாரு. “என்னா கதை தம்பி?”

“பணக்காரன் ஒருத்தன் வேலைக்காரன்னு பொய் சொல்லி ஒரு வீட்ல சேர்ந்துடுறான் ஐயா.”

“மாட்டுவானா?”

“தெரியலீங்க.”

பக்கத்து டேபிளுக்கு மேடம் ஆறு டீ தூக்கிட்டு வந்தாங்க. தட்டு ஆடுது, பாதி டீ தட்டுலயே கெடக்கு.

“ஏம்மா, வேலைக்குப் புதுசா?”ன்னாரு கோதண்டராமன்.

“இன்னிக்குதாங்க சேர்ந்தேன்.”

மனுஷனால தாங்க முடியல. எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. இடது கைமேல நாலு கப்பை வரிசையா ஏத்தி, வலது கைல ரெண்டு எடுத்து, ஒரு சொட்டு சிந்தாம வச்சாரு. தோள் துண்டால டேபிளை ஒரே வீச்சுல துடைச்சுட்டு, “வேற என்னா சார் வேணும்?”னாரு.

அப்படியே நின்னுட்டாரு.

“ஐயா... பத்து ஏக்கர்?”னேன்.

“தரகர் சொன்னது தம்பி. முப்பது வருஷம் வேலூர் ஹோட்டல்ல சப்ளையர் நான்.” தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

“நானும் மேனேஜர் இல்லீங்க.”

“வாசல்ல கையைப் புடிச்சப்பவே தெரியும் மாப்ள. சோப்புத் தண்ணில ஊறின கை. என் பொய்யை எப்படிச் சொல்றதுன்னுதான் தவிச்சுட்டு இருந்தேன்.”

மாப்ளன்னுட்டாரு அக்கா. நாளைக்குக் காலைல நம்ம வீட்டுக்கு வராராம்.

இதை யார் முதல்ல படிச்சாலும் சரி, கவியா வீட்டுக்காரங்களுக்கு நம்முதுன்னு காட்டின மாடி வீடு ஹவுஸ் ஓனரோடதுன்னு அவர்கிட்ட நீங்களும் சொல்லிடுங்க.