பின் சீட்டின் பாரம்

ஊறவைத்த அவரைக்கொட்டைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ருக்மிணி பழைய ஃபியட்டின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நடுவுல உக்காரு, ருக்கு. ஆடாதே."

"அரிசி மூட்டையை ஏத்திக்கோங்க. அது ஆடாது, பேசாது."

அவள் கணவர் பத்ரிநாத் காருக்கடியில் படுத்தபடி சிரித்தார்.

சக்கரங்களுக்கு அடியில் பலகை அடுக்கி, பின்பக்க ஸ்பிரிங்குகளுக்குப் புது ரப்பர் புஷ் போட்டிருந்தார். சீட்டில் ஆள் இருக்கும்போதுதான் நட்டை இறுக்க வேண்டும். வண்டி எப்படி அமர்ந்திருக்கும்போது இறுக்குகிறோமோ, அப்படியே ரப்பர் பிடித்துக்கொள்ளும்.

மேலே அவள் பருப்பைப் பிதுக்கிக்கொண்டே காக்ஸ் டவுன் தெருக்காரர்கள் எல்லோரையும் பற்றி வம்பளந்தாள். நடுவில்தானே இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றாள். இறுக்கினார்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல்.

அந்த வாரமே, துணி உலர்த்தப் போனவள் மொட்டை மாடியில் சரிந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பின் காரின் உறையை அவர் விலக்கவில்லை.

கோடைத் தொடக்கத்து மாம்பழ மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மாடி வீட்டு உத்தமன்தான் வற்புறுத்தி உறையை உருவினார். பின்னால் நகர்ந்து பார்த்தவர் தலையைச் சாய்த்தார். வண்டி இடப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

ஸ்பிரிங் போயிருக்கும் என்றார் பத்ரிநாத்.

உத்தமன் குனிந்து பார்த்தார். ஸ்பிரிங்குக்கு ஒன்றும் இல்லை.

"ஒரு பக்கமா பாரம் வெச்சு இறுக்கிட்டீங்க, சார். லூஸ் பண்ணி திரும்ப டைட் பண்ணா நேராயிடும். சொல்ப வேலைதான், அஞ்சு நிமிஷம். நானே உக்கார்றேன்."

பாரம் நடுவில்தான் இருந்தது என்று பத்ரிநாத் சாதித்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் நகர்ந்தார். நட்டில் அதைப் பொருத்தினார். அரைச் சுற்றுத் திருப்பினால் போதும், ரப்பர் பிடியை விட்டுவிடும்.

உத்தமன் இடப்பக்கக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் அவர் உட்காரவில்லை. சீட்டில் என்னவோ குப்பை கிடக்கிறது, தட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

பத்ரிநாத் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

இடது ஓரத்தில், ஜன்னலை ஒட்டி, காய்ந்து சுருண்ட அவரைத் தோல்கள். நடுவில் ஒன்றுகூட இல்லை. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருவில் போகிற வருகிற எல்லோரும் தெரிவார்கள்.

"வேணாம், உத்தமன். கதவைச் சாத்திடுங்க."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாக அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகிறார். லிங்கராஜபுரம் வரை போய்த் திரும்பி, போர்டிகோவில் நிறுத்தி இறங்கி, பின்னால் வந்து ஒரு பார்வை பார்ப்பார்.

இடப்பக்கம் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கிறது.