பதினாலாவது நிமிஷம்

"அந்தப் பொணம் மறுபடியும் மூச்சு விடணும்மா. அதுக்கு ஏதாவது பண்ணுங்க."

இந்த வாரத்தில் நான்காவது தடவையாக அதே பெரியவர். நேயர் கருத்துப் பிரிவில் போன் எடுக்கும் அவள், ஹெட்போனைச் சரிசெய்துகொண்டே பக்கத்து சீட் தோழியிடம் கண்ணைக் காட்டினாள். 'பொணத் தாத்தா' என்று இருவருமாக அவருக்கு வைத்த பெயர் அந்த மாடி முழுக்கப் பிரபலம்.

அவர்கள் ஓடிடி தளத்தில் வந்து, ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற கொலைத் தொடர் அது. விருது மேல் விருது. ஆனால் முதல் பாகத்தில், பதினாலாவது நிமிடத்தில், மூடிய துணியை விலக்கும்போது பிணத்தின் வயிறு லேசாக ஏறி இறங்கிவிட்டது. நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? 'செத்தவன் மூச்சு விடுகிறான்' என்று முந்நூறு பேர் எழுதிக் கிழித்துவிட்டார்கள்.

அத்தனை புகாரையும் திரட்டி, நிமிடம் நொடியோடு பட்டியல் போட்டு மேலே அனுப்பியது இவள்தான். போன வாரம் அந்தக் காட்சியைத் திருத்திவிட்டார்கள். இப்போது பிணம் கல் மாதிரி கிடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, மேலாளர் எல்லோரையும் இவளுக்காகக் கைதட்டச் சொன்னார்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இந்த மனுஷர் வந்து சேர்ந்தார்.

"ஐயா, அது தப்புன்னுதான் திருத்தியிருக்காங்க. பொணம் மூச்சு விடலாமா, நீங்களே சொல்லுங்க."

"விடக்கூடாதுதாம்மா. ஆனா அவனுக்கு மூச்சைப் பிடிச்சு வைக்கவே வராது. அவன் என்ன பண்ணுவான்?"

திரையில் வருகிறவர்களை அவன் இவன் என்று பேசுவது எல்லோருக்கும் வழக்கம்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிரே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அழைப்புக்கு நாலு நிமிடம்தான் கணக்கு. தாண்டினால் மேலாளர் எட்டிப் பார்ப்பார். படிவத்தைத் திறந்தாள்.

"சரிங்க ஐயா, இன்னைக்கு உங்க கருத்தை முறையா பதிஞ்சிடலாம். கதை எப்படி இருந்துச்சு?"

"கதை தெரியலம்மா."

"கொலை பண்ணது யாருன்னு முன்னாடியே கண்டுபிடிச்சீங்களா?"

"அதுவும் தெரியாது. நாங்க முதல் பாகம் மட்டும்தான் பார்ப்போம். அதுலயும் பதினாலாவது நிமிஷம் வரைக்கும்தான்."

"எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க?"

"முன்னாடின்னா அஞ்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல."

எட்டு பாகத் தொடரில் பதினாலு நிமிடம் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். தோழி ஒரு துண்டுத் தாளில் 'யார்கிட்டயோ டீக்குப் பந்தயம் கட்டித் தோத்திருப்பாரு' என்று எழுதி நீட்டினாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது அந்தப் பக்கம் தள்ளியிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன சொல்றாங்க? பழையபடி போடுவாங்களாமா?"

"இரு, அதைத்தானே பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் பெரியவர்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "லைன்லயே இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு எடிட்டரைக் கூப்பிட்டாள்.

"பழைய காட்சியா? புதுசைப் போட்ட அன்னைக்கே அழிச்சாச்சே" என்றான் எடிட்டர். "பத்திரமா வைக்க அது என்ன கல்யாண வீடியோவா?"

"எங்கயாவது ஒரு காப்பி இருக்காதா? கொஞ்சம் தேடிப் பாரேன்."

"எங்கயும் இல்ல. நீ அனுப்பின லிஸ்ட்லயே 'அடியோட நீக்கவும்'னு சிவப்புல எழுதியிருந்தியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. பழைய காட்சி எங்கயுமே இல்லையாம். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரிம்மா. நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றார். இத்தனை நாள் 'வாங்க, போங்க' என்று பேசியவர், முதல் தடவையாக 'நீ' என்றார்.

நாலு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. தூரத்தில் மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவளுக்குப் போனை வைக்க மனம் வரவில்லை.

"ஐயா, அந்தப் பொணமா நடிச்சது நீங்களா?"

"நானா? எனக்கு ஏதும்மா அவ்ளோ முடி?" லேசாகச் சிரித்தார்.

"பின்ன, அது மூச்சு விட்டா உங்களுக்கென்ன, விடலைன்னா உங்களுக்கென்ன?"

அவருக்குப் பின்னால் தொடரின் ஆரம்ப இசை கேட்டது. அந்த அம்மா முதல் பாகத்தை மறுபடியும் முதலிலிருந்து போடுகிறார் போலிருந்தது. பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க பையன் போனதுக்கப்புறம் வீட்ல இருக்கிறதெல்லாம் போட்டோதான். அந்தப் பதினாலாவது நிமிஷத்துல மட்டும்தாம்மா அவன் மூச்சு விட்டுக்கிட்டிருந்தான்."